ஒரே முதலாளிக்கு மூன்று விமான கம்பெனி எதற்கு?

பாளை_மணி:
அமெரிக்கன் ஏர்லைன்ஸ் குழுமத்துக்குச் சொந்தமாக என்வாய், பீட்மான்ட், பிஎஸ்ஏ என்று மூன்று சின்ன விமான கம்பெனிகள் இருக்கின்றன. மூன்றும் பறப்பது அமெரிக்கன் ஈகிள் என்ற ஒரே பெயரில்தான், டிக்கெட் விற்பதும் தாய்க் கம்பெனிதான், அப்புறம் எதற்கு மூன்று நிர்வாகம், மூன்று லைசென்ஸ், மூன்று பயிற்சி ஏற்பாடு? இணைத்துவிட்டால் செலவு மிச்சம்தானே? அங்கே மெக்கானிக்காக இருக்கும் சித்தப்பா மகனிடம் கேட்டால், "அதை மட்டும் கேக்காதீங்கண்ணே" என்கிறான்.

வாகைக்குளம்_வாசி:
அண்ணாச்சி, விமானமே வேறு வேறு. என்வாயிடம் எம்ப்ரேயர் 170, 175. பிஎஸ்ஏவிடம் சிஆர்ஜே 700, 900. பீட்மான்ட்டிடம் 50 சீட் எம்ப்ரேயர் 145. சிஆர்ஜே ஓட்டுகிறவரை எம்ப்ரேயரில் அப்படியே உட்கார வைக்க முடியாது, சிமுலேட்டரும் உதிரிபாகமும்கூடத் தனித்தனி. நம்ம வாகைக்குளம் (தூத்துக்குடி) விமான நிலையத்துக்கு ஏடிஆர் என்ற சின்ன விமானத்தைக் கொண்டுவருகிறவர் நாளைக்கே ஏர்பஸ் ஓட்டுவாரா? இணைத்தால் மிச்சமாவது ஆபீஸ் வாடகைதான்.

பொருநைக்கரை:
அந்த ஏடிஆரும் ஏர்பஸ்ஸும் இண்டிகோ என்கிற ஒரே கம்பெனியில்தானே ஓடுகின்றன! விமான வகை சும்மா ஒரு சாக்கு.

சிக்கல் சீனியாரிட்டியில், அதாவது யார் முன்னால் சேர்ந்தார் என்ற வரிசை எண்ணில் இருக்கிறது. எப்போது கேப்டன் ஆவது, எந்த ஊரில் வேலை, தீபாவளிக்கு லீவு உண்டா இல்லையா, எல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான். மூன்று கம்பெனியிலிருந்தும் வரிசைப்படி அமெரிக்கனுக்கே போக வழி இருப்பதால், பட்டியலைக் கலந்தால் யார் பின்னால் தள்ளப்படுவார் என்று ஒவ்வொருவருக்கும் பயம். 2005-ல் அமெரிக்கா வெஸ்ட், யுஎஸ் ஏர்வேஸ் என்ற இரண்டு விமான கம்பெனிகள் இணைந்தன. மத்தியஸ்தர் 2007-ல் சீனியாரிட்டி பட்டியல் போட்டுக் கொடுத்தும் பழைய யுஎஸ் ஏர்வேஸ் விமானிகள் ஒத்துக்கொள்ளவில்லை, 2013-ல் அமெரிக்கனோடு சேர்ந்தபோதும் இரண்டு தரப்பும் தனித்தனியாகத்தான் பறந்துகொண்டிருந்தார்கள்.

முதலாளிக்கும் இது வசதி. சம்பளம் கூடக் கேட்டால் வேலையைப் பக்கத்துக் கம்பெனிக்குக் கொடுத்துவிடலாம். 2014-ல் என்வாய் விமானிகள் ஒப்பந்தத்தை நிராகரித்தார்கள், புது எம்ப்ரேயர் 175-களில் ஒரு பகுதி காம்பஸ் என்ற வெளிக் கம்பெனிக்குப் போய்விட்டது.

வாகைக்குளம்_வாசி:
சரி, இண்டிகோ விஷயத்தில் மாட்டிக்கொண்டேன். ஆனால் முதலாளிக்கு வசதி என்றால் அவர் எதற்கு இணைக்கப் போகிறார்?

ரிட்டயர்டு_கண்டக்டர்:
இணைக்க வேண்டாம் தம்பி. நான் வேலைக்குச் சேரும்போது இங்கே திருநெல்வேலியில் கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம், நாகர்கோவிலில் நேசமணி. 1997-ல் தலைவர்கள் பெயரை எல்லாம் எடுத்தார்கள், பிறகு எங்களை மதுரையோடு சேர்த்தார்கள், 2010-ல் மறுபடி பிரித்தார்கள், பஸ் என்னவோ அதே பஸ்தான். இன்றைக்கும் அரசாங்கம் என்ற ஒரே முதலாளிக்கு எட்டுக் கழகம். ஆனால் ஊதிய ஒப்பந்தம் எட்டுக்கும் சேர்த்து ஒன்றுதான், அதனால் கும்பகோணத்துக்காரனைக் காட்டி எங்கள் சம்பளத்தை யாரும் அமுக்க முடியாது, அவன் சீனியாரிட்டியும் எங்கள் பட்டியலுக்குள் வராது. அந்த மூன்று கம்பெனி விமானிகளுக்கும் ஆல்பா என்று ஒரே சங்கம்தானே இருக்கிறது? மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஒப்பந்தம் கேட்கச் சொல்லுங்கள், கம்பெனி மூன்றாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.