சிக்னல் இல்லாத நாணமேட்டில் சொல்வதெழுதிய இரண்டு கைப்பேசிகள்

நான் காப்பீட்டு நிறுவனங்களுக்காக இழப்பை மதிப்பிடும் சர்வேயர். நிலம் அளப்பவர் என்று எண்ணிக்கொண்டு பட்டா விவகாரத்தோடு மஞ்சக்குப்பத்தில் உள்ள என் வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்கள் இன்றும் உண்டு. அவர்களைத் தாலுகா அலுவலகத்துக்கு அனுப்பி வைப்பதும் என் தொழிலின் ஒரு பகுதியாகிவிட்டது. நனைந்த சரக்குக்கு நடுவில் நின்று குறிப்பெடுக்கும்போது ஒரு கையில் டார்ச்சும் மறுகையில் அளவு நாடாவும் இருக்கும். பேனா பிடிக்க மூன்றாவது கை கிடையாது என்பதால் பல ஆண்டுகளாகவே கைப்பேசியிடம் வாயால் சொல்லி எழுத வைத்துக்கொள்கிறேன். பள்ளியில் தமிழாசிரியர் வைத்த ‘சொல்வதெழுதுதல்’ இப்போது என் பிழைப்புக்கு உதவுகிறது என்றே சொல்லலாம்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் நாற்பத்தெட்டு சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடுத்த இரண்டு நாட்களுக்குள் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் தென்பெண்ணையில் பெருகி, கடலூரை ஒட்டிய நாணமேடு, உச்சிமேடு, கண்டக்காடு பகுதிகளுக்குள் புகுந்தது. தண்ணீர் வடிந்தபின் அங்கே ஒரு தீவனக் கிடங்கைப் பார்வையிட என் உதவியாளர் தம்பியுடன் சென்றேன். மின்சாரம் இல்லை, டவர்களும் உயிரற்றுக் கிடந்தன. கிடங்குக்குள் இடுப்பளவுக்குச் சேற்றுக்கோடு பதிந்திருந்தது. ஊறி வெடித்த புண்ணாக்கு மூட்டைகளின் புளித்த நெடி மூக்கை அறுத்தது. நான் வழக்கம்போல என் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் மைக்கைத் தொட்டேன். இணைய இணைப்பு இல்லை என்று ஒரு வரி காட்டிவிட்டு அது வாய்மூடிக்கொண்டது. பக்கத்தில் தம்பி தன் ஐபோனை எடுத்து, “சார், நீங்க சொல்லுங்க, இதுல எழுதுது” என்றார். அன்று மாலை வரை நான் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, அவருடைய கைப்பேசி எழுதிக்கொண்டே இருந்தது.

ஐபோன் உயர்ந்தது, ஆண்ட்ராய்டு தாழ்ந்தது என்று அன்றே முடிவு கட்டியிருந்தால் தவறு செய்திருப்பேன். பிழை என்னுடையது. அதற்கு முந்தைய மாதந்தான் கைப்பேசியை மாற்றியிருந்தேன். பழையதில் இறக்கி வைத்திருந்த இந்திய ஆங்கிலப் பேச்சுப் பொதி (இணையமின்றிப் பேச்சை எழுத்தாக்கத் தேவையான கோப்பு), படங்களோடும் தொடர்புகளோடும் சேர்ந்து புதியதற்கும் வந்திருக்கும் என்று நானாகவே நம்பிக்கொண்டேன். ஆண்ட்ராய்டில் இணையமின்றிச் சொல்வதெழுதும் வசதி 2012-இல் வந்த ஜெல்லி பீன் பதிப்பிலேயே அறிமுகமாகிவிட்டது. ஐபோனில் சொல்வதெழுதுதல் 2011-இல் வந்தபோது பேச்சு முழுவதும் ஆப்பிளின் சேவையகத்துக்குச் சென்று திரும்பியது. 2021-இல் வெளியான ஐஓஎஸ் 15-இலிருந்துதான், ஏ12 அல்லது அதற்குப் பிந்தைய சில்லு உள்ள கைப்பேசிகளில், குறிப்பிட்ட சில மொழிகளுக்குக் கருவிக்குள்ளேயே, நேரக் கட்டுப்பாடின்றி எழுதும் வசதி பரவலானது. வயதில் மூத்தது என்னிடம் இருந்தது. தயாராக இருந்தது தம்பியிடம் இருந்தது.

இரண்டின் இயல்பும் வேறுபடுவது இந்தத் தயார்நிலையில்தான். ஆண்ட்ராய்டில் ஆஃப்லைன் பேச்சறிதலுக்கென்று ஒரு பட்டியல் உண்டு. பதிப்புக்குப் பதிப்பு அது இருக்கும் இடம் மாறினாலும், எந்த மொழி இறங்கியிருக்கிறது, எது இறங்கவில்லை என்பதை அங்கே கண்ணால் பார்த்துக்கொள்ளலாம், வேண்டாததை நீக்கலாம். பார்க்க வேண்டும் என்ற நினைப்பு நமக்கு வந்தால்தான் உண்டு. ஐபோனில் அந்தத் தேடல் வேண்டியதில்லை. மொழியின் விசைப்பலகையைச் சேர்த்து டிக்டேஷனை இயக்கி வைத்தால், தனக்கு வேண்டியதை அதுவே இறக்கிக்கொள்கிறது. வசதிதான் என்றாலும், உள்ளே என்ன இருக்கிறது என்பதை எண்ணிப் பார்த்து மனநிறைவு கொள்கிற என் போன்ற கணக்குப் பிள்ளைகளுக்கு அது சற்றே உறுத்தலாக இருக்கிறது.

பொதியை இறக்கிக்கொண்ட பிறகு, ஏறத்தாழ மூன்று மாதங்கள், ஒவ்வொரு பார்வையிடலிலும் இரண்டு கைப்பேசிகளையும் ஃபிளைட் மோடில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒரே குறிப்பைச் சொல்லிப் பார்த்தோம். இடையில் நின்று யோசித்துப் பேசுகிறவர்களுக்கு ஐபோன் பொறுமையாக இருக்கிறது. பேச்சு நின்று முப்பது வினாடி ஆன பிறகே அது தானாக அணைகிறது. என்னுடையதோ நான் மூட்டைகளை எண்ணி முடிப்பதற்குள் மைக்கை மூடிவிடும். ஐஓஎஸ் 16-க்குப் பிறகு, எழுதிக்கொண்டிருக்கும்போதே விசைப்பலகை திறந்திருப்பதால், தப்பாக விழுந்த சொல்லை விரலால் திருத்திக்கொண்டே தொடர்ந்து பேசலாம். காற்புள்ளியும் தானாக விழுகிறது. சரக்கின் பெயரையும் அளவையும் அடுக்கிக்கொண்டே போகும் எங்கள் வகைக் குறிப்பில் அந்தக் காற்புள்ளி பல இடங்களில் பொருளையே காப்பாற்றியது. வேகத்தில் என்னுடையது ஒரு சொல்கூடப் பின்தங்கவில்லை.

ஊர்ப்பெயர்களில் இரண்டுமே தடுமாறின. நாணமேடு ஒன்றில் ‘நானா மேட்’ ஆகவும் மற்றொன்றில் ‘நோ நீட்’ ஆகவும் வந்தது. தேவையில்லை என்று பொருள்படும் அந்தச் சொல்லோடு அறிக்கை போயிருந்தால் இழப்பீடே தேவையில்லை என்று எவரேனும் படித்திருப்பார்கள். அதைவிட ஆபத்தானவை எண்கள். ஆங்கிலத்தில் பதினைந்தும் ஐம்பதும் ஒலியில் அண்ணன் தம்பிகள். பதினைந்து மூட்டை என்று நான் சொன்னது ஐம்பதாக விழுந்ததை அன்றிரவு புகைப்படத்தோடு ஒப்பிட்டபோதுதான் கண்டேன். இப்போது எண்களை ‘ஒன், ஃபைவ்’ என்று இலக்கம் இலக்கமாகச் சொல்கிறேன். கருவிக்குள் அடங்கும்படி சுருக்கப்பட்ட மாதிரிகளிடம், அதாவது பேச்சை எழுத்தாக்கப் பயிற்றுவிக்கப்பட்ட மென்பொருள்களிடம், இதற்கு மேல் எதிர்பார்க்கவும் முடியாது. 2019-இல் கூகுள் தன் பிக்சல் கைப்பேசிகளுக்கு வெளியிட்ட அமெரிக்க ஆங்கில மாதிரி 450 மெகாபைட்டிலிருந்து 80 மெகாபைட்டுக்குச் சுருக்கப்பட்டது. இவ்வளவு சிறிய இடத்துக்குள் ஒரு மொழியே அடங்கியது வியப்புதான். அதற்குள் நாணமேட்டுக்கும் ஓர் இடம் கேட்டால் எப்படி?

புதுச்சேரியில் என் மைத்துனர் வீட்டு மாடியில் ஒரு சொல்தா தாத்தா குடியிருக்கிறார். பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். ஓய்வூதியத்துக்காக ஆண்டுதோறும் உயிரோடு இருப்பதற்கான சான்றைப் பிரான்சுக்கு அனுப்ப வேண்டியவர். கண்பார்வை மங்கிவிட்டதால் கடிதங்களை ஆண்ட்ராய்டிலோ பேத்தியின் ஐபோனிலோ வாயால் சொல்லித்தான் எழுதுகிறார். புயலுக்குப் பிந்தைய நாட்களில் இணையம் விட்டுவிட்டு வந்தபோதும் இரண்டிலும் அவருடைய பிரெஞ்சு தடையின்றி எழுதப்பட்டதாம். நான் பார்க்கும்படி ஒருமுறை சொல்லியும் காட்டினார். எழுத்தின் தலைமேல் வரவேண்டிய சாய்கோடுகள்கூட உரிய இடங்களில் விழுந்தன. “நம்ம பாஷையில இப்படி வருமாப்பா?” என்று அவர் கேட்டபோது மைத்துனர் என்னைப் பார்த்தார்.

தமிழைக் கூகுளின் குரல்வழித் தட்டச்சு 2017 ஆகஸ்டில்தான் ஏற்றுக்கொண்டது. தெலுங்கு, மலையாளம், கன்னடம் உள்ளிட்ட இந்திய மொழிகள் பலவும் அப்போது ஒன்றாக வந்தன. சிக்னல் உள்ள இடத்தில் தமிழில் அது எழுதும் அழகைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அன்று கிடங்கில், உரிமையாளரின் வாக்குமூலத்தைத் தமிழில் பதிய எங்கள் இருவரிடமும் வழியில்லை. பிறகு தம்பி வேறொரு பாதையைக் கண்டுபிடித்தார். ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022 செப்டம்பரில் எவரும் எடுத்தாளும்படி வெளியிட்ட விஸ்பர் மாதிரிக்குத் தமிழும் தெரியும். அதை முழுக்கக் கருவிக்குள்ளேயே இயக்கும் செயலிகள் இரண்டு தளங்களுக்கும் கிடைக்கின்றன. மாதிரிகள் பல அளவுகளில் வருகின்றன. மிகச் சிறியதில் தமிழ் உருக்குலைந்து போகிறது. இருபத்து நான்கு கோடி அளவுருக்கள் (பயிற்சியில் மாதிரி கற்றுக்கொண்ட எண்கள்) கொண்ட ‘ஸ்மால்’ வகையில் ஓரளவு படிக்கத்தக்கதாக வருகிறது. ஆனால் ஒரு நிமிடப் பேச்சை எழுத என் கைப்பேசி பல நிமிடங்கள் எடுத்துக்கொண்டு, கையைச் சுடும் அளவுக்குச் சூடாகிறது. சில்லின் வேகம் ஒரு காரணம். மற்றொன்று, அந்த மாதிரி எழுத்தைத் துண்டு துண்டாக உமிழும் முறை: யூனிகோடின் யுடிஎஃப்-8 குறிமுறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் பிடிப்பதால், ஆங்கிலச் சொல் ஒரே துண்டில் முடிகிற இடத்தில் தமிழ்ச் சொல்லுக்குப் பல துண்டுகள் தேவைப்படுகின்றன.

வேகக் குறைவைப் பொறுத்துக்கொள்ளலாம். பேச்சே இல்லாத இடத்தில் இந்த வகை மாதிரிகள் தாமாகவே ஏதேனும் ஒரு வாக்கியத்தைப் புனைந்து எழுதிவிடுவதுண்டு என்பது நன்கு அறியப்பட்ட குறை. உரிமையாளர் சொல்லாததை அவர் சொன்னதாக ஒரு வரி வாக்குமூலத்தில் புகுந்துவிட்டால், அது வழக்கு வரை போகும். ஆகவே அந்தச் செயலியை நான் நினைவூட்டலுக்கு மட்டும் பயன்படுத்துகிறேன். மூல ஒலிப்பதிவை அழிப்பதில்லை.

இப்போது ஒரு பார்வையிடலுக்குக் கிளம்புமுன், வாசலில் செருப்பு மாட்டும்போதே ஃபிளைட் மோடைப் போட்டு, போகிற ஊரின் பெயரையும் ‘ஒன், ஃபைவ்’ என்பதையும் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிடுகிறேன். நீண்ட ஆங்கிலக் குறிப்புகளுக்குத் தம்பியின் ஐபோனையே நம்புகிறோம். அறிக்கைப் படிவங்களும் புகைப்படங்களும் என்னுடையதில் இருப்பதால் குறுங்குறிப்புகள் ஆண்ட்ராய்டில் போகின்றன. தமிழ் வாக்குமூலத்தை மட்டும் பழையபடி கோடு போட்ட தாளில் என் கையாலேயே எழுதி, உரத்த குரலில் படித்துக் காட்டி, அதன் அடியில் கையொப்பம் வாங்கிக்கொள்கிறேன்.