மேலத்தோட்டம் குடும்பம்

புதன், காலை 5:48

ஜோதி: (படம்)

ஜோதி: நாலாவது வால்வு குழியில் கிடந்தது. கண்ணாடி விரியன். கருப்பையா அண்ணன் கையை உள்ளே விடப் போனவர், டார்ச்சைச் சாய்த்துப் பார்த்ததால் தப்பித்தார்.

சௌந்தரம்: ஐயோ மதினி

பாண்டி: அடிச்சாச்சா?

ஜோதி: இல்லை. அதுவே போய்விட்டது. எங்கே போனது என்று தெரியவில்லை, அதுதான் பயம். ராத்திரி 2 மணிக்குத்தான் மும்முனை கரண்ட் வந்தது, மல்லிகைக்குத் திருப்பிவிடப் போனார்.

தங்கவேல்: குழிக்கு மூடி போடுங்கள் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்

ஜோதி: போட்ட மூடி யார் வீட்டு ஆட்டுக்கொட்டகைக்குப் போனது என்று கேட்க வேண்டாம் தம்பி

வினோத்: விடியவே இல்லை, ஆரம்பிச்சாச்சு

கீதா: ராமர் மாமா எங்கே?

ஜோதி: பூ எடுக்கிறார். வெயில் ஏறுவதற்குள் மார்க்கெட்டுக்கு ஏற்ற வேண்டும். இன்னொரு விஷயம். கருப்பையா அண்ணன் ஆடி கழித்துத் திருப்பூருக்கு மகன் வீட்டோடு போகிறாராம். இனி ராத்திரி வேலை முடியாது என்று சொல்லிவிட்டார். வேறு ஆள் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் பாண்டி போன பொங்கலுக்குச் சொன்ன, போனிலேயே திறந்து மூடும் வால்வு.

சௌந்தரம்: கருப்பையா போகிறாரா? ஐயா காலத்து ஆள் ஆயிற்றே

தங்கவேல்: ஆள் கிடைக்காது. நூறு நாள் வேலைக்கே வரமாட்டேன் என்கிறார்கள்

பாண்டி: அம்மா, நான் அப்பவே சொன்னேன்ல

காலை 6:31

குணசேகரன்: அனைவருக்கும் வணக்கம். இதை நான் விளக்குகிறேன், நிதானமாகப் படியுங்கள். இப்போது இருப்பது கையால் திருகும் கேட் வால்வு. அதை எடுத்துவிட்டு ரப்பர் சவ்வு வைத்த வால்வு போட வேண்டும். அதன் தலையில் ஒரு சின்ன காயில், அதாவது கம்பிச் சுருள், இருக்கும். அந்தக் காயில் குழாயைத் திறப்பதில்லை. ஊசி கனத்தில் ஒரு துளையைத்தான் திறக்கும். சவ்வுக்கு மேலே நிற்கும் தண்ணீர் அந்தத் துளை வழியாக வடிந்ததும், கீழே இருக்கும் தண்ணீரின் அழுத்தமே சவ்வைத் தூக்கிவிடும். வேலையைச் செய்வது தண்ணீர்தான். கரண்ட் செலவு மிகக் குறைவு.

பாண்டி: சரி மாமா

குணசேகரன்: இன்னும் முடியவில்லை. சாதாரண 24 வோல்ட் காயில் என்றால் வால்வு திறந்திருக்கும் நேரம் முழுக்க கரண்ட் கொடுக்க வேண்டும். தோப்பு நடுவில் அது ஆகாது. அதனால் லாட்ச் வகை. ஒரு நொடிக்கும் குறைவாக ஒரு தட்டு தட்டினால் போதும், காந்தம் பிடித்துக்கொள்ளும். மூடுவதற்கு பிளஸ் மைனஸை மாற்றி இன்னொரு தட்டு. உள்ளங்கை அளவு சோலார் தகடும் ஒரு சின்ன பேட்டரியும் போதும்.

சௌந்தரம்: காபி ஆறுகிறது. முதலில் குடித்துவிட்டு எழுதுங்கள்

கீதா: அம்மா, அவர் பக்கத்தில்தானே இருக்கிறார், நேரில் சொல்

வினோத்: மாமா, ஒவ்வொரு வால்வுக்கும் ஒரு சிம்மா?

குணசேகரன்: நல்ல கேள்வி. இல்லை. மோட்டார் ரூமில் மட்டும் ஒரு சிம். அங்கிருந்து வால்வுகளுக்கு ரேடியோ. 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை நம் நாட்டில் லைசென்ஸ் வாங்காமல் பயன்படுத்தலாம். லோரா என்பார்கள். படம், பாட்டு எதுவும் அதில் அனுப்ப முடியாது. ‘மூணாவதைத் திற’, ‘திறந்தாச்சு’ என்று இரண்டு வார்த்தைதான் போகும். அதனால்தான் இவ்வளவு சின்ன பேட்டரியில் இவ்வளவு தூரம் போகிறது.

தங்கவேல்: என் தென்னைக்குள் போகுமா மச்சான்? போனே எடுப்பதில்லை அங்கே

குணசேகரன்: வெட்டவெளியில் கிலோமீட்டர் கணக்கில் போகும். தோப்புக்குள் குறையும். மழை பெய்து மட்டையெல்லாம் ஈரமாக இருந்தால் இன்னும் குறையும். கிணற்று மேட்டில் கம்பம் நட்டு ஆன்டெனாவை உயரத்தில் வைக்க வேண்டும்.

தங்கவேல்: பேசாமல் ஒயர் இழுத்தால் என்ன

பாண்டி: சித்தப்பா. ரொட்டவேட்டர்.

தங்கவேல்: அது ஒரு தடவை

பாண்டி: இரண்டு தடவை அறுத்துச்சு. ஒரே கேபிள்.

வினோத்: எலியை விட்டுட்ட

காலை 7:20

ராமர்: பூ ஏற்றியாச்சு

ராமர்: எவ்வளவு ஆகும்

பாண்டி: அப்பா, கோயம்புத்தூர்க்காரர் கொட்டேஷன் கொடுத்திருக்கார். ஏழு வால்வு, கண்ட்ரோலர், பில்டர் எல்லாம் சேர்த்து 1,18,000. பிட்டிங் தனி.

ராமர்: ம்

ஜோதி: ஆடி மாதம் பூ விற்கிற விலைக்கு 1,18,000

சௌந்தரம்: மானியம் இல்லையா? சொட்டுநீருக்கு முழுசாகத் தருகிறார்களே

குணசேகரன்: சொட்டுநீர் அமைக்க சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். மோட்டாரைப் போனில் ஓட்டும் கருவிக்கு வேளாண்மைப் பொறியியல் துறையில் தனியாக மானியம் உண்டு. வால்வு எதில் வரும் என்று பிளாக் ஆபீசில் கேட்டுச் சொல்கிறேன். எதுவாக இருந்தாலும் சிட்டா, அடங்கல், சிறு விவசாயி சான்று கேட்பார்கள்.

பாண்டி: சிட்டா யார் பேரில் இருக்கு?

ராமர்: ஐயா பேரில்

கீதா: இன்னுமா?!

தங்கவேல்: தாசில்தார் ஆபீசுக்கு அலைந்தது நான். கையெழுத்து வராமல் நின்றது யாரால் என்று எல்லோருக்கும் தெரியும்

சௌந்தரம்: தங்கவேலு, நேராகவே சொல்லு. நான் 88-ல் கல்யாணமாகிப் போனவள், 89 சொத்துரிமைச் சட்டம் எனக்குப் பொருந்தாது என்று சொன்னீர்கள். சரி என்று இருந்தேன். 2005-ல் எல்லாப் பெண்களுக்கும் சட்டம் வந்தது. அப்புறமும் கேட்கவில்லை. வெற்றுத்தாளில் மட்டும் கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன்.

ஜோதி: காலங்காலையில் எதற்கு இதெல்லாம்

வினோத்: பாம்பில் ஆரம்பித்து பட்டாவுக்கு வந்துட்டோம்

காலை 9:05

தங்கவேல்: (முன்னனுப்பிய செய்தி) அவசரம்!! விவசாய மின் இணைப்புக்கு மீட்டர்!! இலவச மின்சாரம் இனி இல்லை!! 10 பேருக்கு அனுப்பவும்!!

பாண்டி: சித்தப்பா இது மூணு வருஷமா சுத்துது

குணசேகரன்: 1990-லிருந்து நம் மாநிலத்தில் எல்லா விவசாயிகளுக்கும் இலவசம். அது கிடைப்பதற்குப் போராடிச் செத்தவர்கள் இருக்கிறார்கள். இந்த மாதிரி செய்தியைப் போடுவதற்கு முன் தேதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். கரண்ட் இலவசம் என்பதால்தான் நாம் விடிய விடிய மோட்டாரை ஓட்டுகிறோம். கிணறு இலவசம் இல்லை.

ராமர்: உண்மை

தங்கவேல்: வைகை அணை 67 அடியைத் தொட்டால் 58 கிராமக் கால்வாயில் தண்ணீர் விடுவான். கண்மாய் நிறைந்தால் கிணறு தானாக ஊறும். அதுவரைக்கும் எந்த வால்வைப் போட்டு என்ன

பாண்டி: அது எந்த வருஷம் வருமோ

ஜோதி: (குரல் பதிவு 1:12)

ஜோதி: அத்தை பேசியது. கேட்க நேரமில்லாதவர்களுக்கு: கமலையில் இறைத்த காலத்தில் மாட்டுக்கே வழி தெரியுமாம், மனுசனுக்குத்தான் இப்போது போன் வேண்டியிருக்காம். அப்புறம் கருப்பையாவுக்குத் தங்கவேல் பக்கத்துக் கூலி இரண்டு மாதம் நிற்கிறதாம், அதைக் கொடுத்துவிட்டு மெசினைப் பற்றிப் பேசச் சொல்கிறார்.

கீதா: அம்மாச்சி!!

பாண்டி: அப்பத்தா அடிச்சா சிக்ஸர்தான்

தங்கவேல்: நாளைக்குக் கொடுத்துவிடுவேன். அம்மாவிடம் சொல்லுங்கள் மதினி

காலை 10:40

ஜோதி: அண்ணே, எனக்கு ஒரு சந்தேகம். கருப்பையா அண்ணன் வால்வைத் திருகிவிட்டு அப்படியே வந்துவிடமாட்டார். குழாயில் காதை வைத்துக் கேட்பார். பாத்தி கடைசி வரை நடந்து, எங்கே ஈரம் வரவில்லை என்று பார்ப்பார். போன வாரம்கூட காட்டுப்பன்றி டியூபைக் கடித்து ஒரு இடத்தில் குளமாக நின்றது, அவர்தான் கண்டுபிடித்தார். போன் இதையெல்லாம் பார்க்குமா?

குணசேகரன்: ஜோதி, நீ கேட்டதுதான் முக்கியமான கேள்வி. விற்கிறவன் இதைச் சொல்லமாட்டான். போனில் ‘திறந்தது’ என்று பச்சையாக வந்தால், கட்டளை போய்ச் சேர்ந்தது, காயில் தட்டியது, அவ்வளவுதான். தண்ணீர் போனதா என்பது அதற்குத் தெரியாது. அந்த ஊசித் துளையில் ஒரு மணல் துகள் சிக்கினால் வால்வு திறக்காது, அல்லது மூடாது. நம் கிணற்றுத் தண்ணீரில் மண் வரும். அதனால் பில்டரை எக்காரணம் கொண்டும் குறைக்கக் கூடாது. வால்வுக்கு அப்பால் அழுத்தம் பார்க்க ஒரு சென்சார், இல்லாவிட்டால் மெயின் குழாயில் ஒரு தண்ணீர் மீட்டர் வேண்டும். வழக்கத்தை விட அதிகமாக ஓடினால் எங்கோ உடைந்திருக்கிறது, குறைந்தால் எங்கோ அடைத்திருக்கிறது என்று தெரியும். பன்றி எந்த இடத்தில் கடித்தது என்று அது சொல்லாது. நடந்துதான் பார்க்க வேண்டும்.

ராமர்: கிணறு வற்றி மோட்டார் காற்றை இழுத்தால்?

குணசேகரன்: அழுத்தம் இல்லாவிட்டால் சவ்வு வால்வு ஒழுங்காக வேலை செய்யாது மச்சான். சித்திரை வைகாசியில் இது நமக்கு வரும். அதனால் பழைய கேட் வால்வைக் கழற்றிப் போட வேண்டாம், பக்கத்திலேயே இருக்கட்டும்.

வினோத்: பேட்டரி தீர்ந்தால் தானா மூடிக்குமா?

குணசேகரன்: லாட்ச் வகை மூடாது. எப்படி இருந்ததோ அப்படியே நிற்கும். திறந்திருந்தால் திறந்தபடிதான். அதனால் பேட்டரி குறையும்போதே போனுக்குச் செய்தி வர வேண்டும். இன்னொன்று, ஒரு வால்வை மூடிவிட்டு அடுத்ததைத் திறக்கக் கூடாது. அடுத்ததை முதலில் திறந்து, அப்புறம்தான் முந்தியதை மூட வேண்டும். மோட்டார் ஓடும்போது எல்லாம் மூடியிருந்தால் குழாய் தாங்காது.

பாண்டி: செல்லம்பட்டிப் பக்கம் ஒருத்தருக்கு அப்படித்தான் ஆச்சு. மூணு இஞ்ச் பிவிசி நடு ராத்திரி வெடிச்சு, பார்க்கிறப்ப வாய்க்கால் மாதிரி போயிருக்கு. மாட்டினவர்கள் வரிசையை மாத்திப் போட்டுட்டாங்க

தங்கவேல்: கேட்டீர்களா. இதற்குத்தான் வேண்டாம் என்கிறேன்

காலை 11:15

குணசேகரன்: பயப்பட ஒன்றுமில்லை, சரியாக மாட்டினால் போதும். ஒரு பெரிய நன்மையைச் சொல்ல விட்டுவிட்டேன். எந்த வால்வு எந்தத் தேதியில் எத்தனை மணிக்குத் திறந்தது, எப்போது மூடியது, எல்லாம் அதில் பதிவாகும். எப்போது வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். கிணற்றுத் தண்ணீர் செவ்வாய், வெள்ளி தங்கவேல் முறை, மற்ற நாள் மச்சான் முறை. ஐயா வைத்த கணக்கு ஒரு நிமிஷம் கூடாமல் குறையாமல் நடக்கும்.

காலை 11:52

தங்கவேல்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

தங்கவேல்: அண்ணன் தம்பிக்குள் கணக்கு எதற்கு மச்சான்

ராமர்: கணக்கு நல்லதுதானே

ஜோதி: 2016-ல் இருந்திருக்க வேண்டும் இது

வினோத்: பெரியம்மா...

ஜோதி: நான் என்ன சொன்னேன்? மழை பொய்த்த வருடம், தண்ணீர்க் கணக்கு இருந்திருந்தால் நல்லது என்றேன்

சௌந்தரம்: அந்த வருடம் யார் தென்னை காய்ந்தது, யாருடையது காயவில்லை என்று ஊருக்கே தெரியும்

தங்கவேல்: அக்கா

தங்கவேல்: என் போர்வெல் வேறு. அது எல்லோருக்கும் தெரியும்

ராமர்: விடுங்க

கீதா: கெடா வெட்டு எந்த ஞாயிறு? எனக்கு டிக்கெட் போடணும்

பாண்டி: கடைசி ஞாயிறு

ஜோதி: கடைசிக்கு முந்தின ஞாயிறு. பூசாரி மாற்றிவிட்டார்.

கீதா: யாராவது சொல்லியிருக்கலாம்ல

தங்கவேல்: கெடா இந்தத் தடவை யார் முறை

ஜோதி: உங்கள் முறை தம்பி. அதற்குப் பதிவு தேவையில்லை.

வினோத்: அய்யோ பெரியம்மா

மதியம் 1:30

பாண்டி: சரி, விஷயத்துக்கு வருவோம். ஏழும் வேண்டாம். மல்லிகைக்கு இரண்டு வால்வு மட்டும் முதலில் மாட்டிப் பார்ப்போம். பில்டர் மாமா சொன்ன மாதிரி. அந்தப் பணத்தை நானே போடுறேன்.

ராமர்: நல்லது

சௌந்தரம்: மல்லிகைக்கு என்றால் ராத்திரி வேலை பாதி குறையும் மதினி

குணசேகரன்: நல்ல முடிவு. ஒரு பருவம் பார்த்துவிட்டு மீதியை வைக்கலாம். ஆப் யாருடைய போனில் இருக்க வேண்டும் என்பதையும் இப்போதே பேசிவிட வேண்டும். நான் வேண்டுமானால் இங்கிருந்தே பார்த்துக்கொள்கிறேன்.

தங்கவேல்: திருநகரில் இருந்தா?

சௌந்தரம்: ராத்திரி 2 மணிக்கு இவர் எழுந்து பெட்ரூமில் மோட்டார் ஓட்டுவார். நான் தூங்கிவிடுவேன்.

பாண்டி: அம்மா போனில் போடலாம்

ஜோதி: என் போனில் இடமில்லை. எல்லாம் உங்கள் குட் மார்னிங்.

தங்கவேல்: இரண்டு பக்கத்துப் போனிலும் இருக்கட்டும். அதுதான் முறை.

ராமர்: இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அமுக்கினால்?

குணசேகரன்: அதற்கு ஒரு வழி இருக்கிறது மச்சான். ஒருவருக்கு இயக்கும் அனுமதி, மற்றவருக்குப் பார்க்கும் அனுமதி மட்டும் கொடுக்கலாம்.

தங்கவேல்: யாருக்குப் பார்ப்பது, யாருக்கு இயக்குவது?

வினோத்: சிம் ரீசார்ஜ் யார் பண்றது? 28 நாளைக்கு ஒரு தடவை

ஜோதி: கிணற்றுக்கு ரீசார்ஜ். ஐயா இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

மாலை 6:10

பாண்டி: கோயம்புத்தூர்க்காரர்கிட்ட பேசிட்டேன். சனிக்கிழமை வந்து சிக்னல் அளந்து பார்க்கிறாராம். தென்னைக்குள்ளும் நடந்து பார்ப்பார். சித்தப்பா, அன்னைக்கு நீங்களும் இருக்கணும்.

தங்கவேல்: சனிக்கிழமை கருமாத்தூரில் ஒரு காதுகுத்து. ஞாயிறு என்றால் வருவேன்.

பாண்டி: ஞாயிறு அவருக்கு லீவு

ராமர்: வினோத் வரட்டும்

வினோத்: எனக்கு ஆபீஸ் பெரியப்பா

ஜோதி: அந்த ஆளுக்குச் சாப்பாடு செய்ய வேண்டுமா, அதை மட்டும் சொல்லுங்கள்

பாண்டி: ஆமாம். இரண்டு பேர்.

சௌந்தரம்: இவரும் கிளம்புகிறாராம். மூன்று பேர்.