செகண்ட் ஹேண்டில் வேகமான டீசல் கார்: வாங்கியவர்களும் சொல்லுங்கள், விற்றுவிட்டு ஓடியவர்களும் சொல்லுங்கள்

ஈரோடு

இந்தப் பேச்சை ஆரம்பித்தவன் நான் என்பதால் முதலில் என் கதை. 2021 ஆகஸ்டில் 2014 மாடல் ஜெர்மன் செடான் ஒன்றை எடுத்தேன். கம்பெனி பேர் வேண்டாம். பாதித் தப்பு என் அவசரத்தில்தான் இருந்தது. இரண்டு லிட்டர் டீசல், 8 கியர் ஆட்டோமேட்டிக், 78,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. முதல் ஓனர் 40 லட்சத்துக்கு மேல் கொடுத்து எடுத்த வண்டி, என் வாசலுக்கு 13 லட்சத்து 75 ஆயிரத்துக்கு வந்தது. அந்தப் பணத்துக்கு அன்று புது கிரெட்டாவில் ஒரு நடு வேரியன்ட் கிடைத்திருக்கும். வீட்டில் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். நான் ஏற்கெனவே ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டேன். அதற்கப்புறம் யார் பேச்சு காதில் ஏறும்?

வேகமான டீசலின் சுகம் 200-ஐத் தொடுவதில் இல்லை. நம் ரோட்டில் அது தேவையும் இல்லை. சேலத்திலிருந்து தருமபுரி பக்கமாகத் தொப்பூர் கணவாய் ஏறிப் பாருங்கள். முன்னால் இரண்டு லாரி, ஒன்றை ஒன்று முந்துகிறேன் என்று ஐந்து நிமிடமாக முக்கிக்கொண்டிருக்கும். இடம் கிடைத்ததும் காலைக் கொஞ்சம் அழுத்தினால் போதும். இன்ஜின் கத்தாது, இன்ஜின் சுற்றைக் காட்டும் முள் 2,000-ஐத் தாண்டியிருக்காது, முதுகை சீட்டோடு சேர்த்து யாரோ தள்ளுவதுபோல் வண்டி போய்விடும். பெட்ரோல் டர்போவும் வேகம்தான். ஆனால் இந்த யானை இழுவை அதில் கிடையாது. ஐந்து பேர், டிக்கி நிறைய சாமான், ஏசி ஓடுகிறது, அப்போதும் இதே கதைதான். ஹைவேயில் லிட்டருக்கு 17, 18 கொடுத்தது. ஒரு டேங்கில் ஈரோட்டிலிருந்து சென்னை போய்த் திரும்பிவிடலாம்.

எட்டாவது மாதம் தொல்லை ஆரம்பித்தது. நாற்பதில் போகும்போது சின்ன உதறல், மேடு பள்ளத்தில் ஏறுவதுபோல. கியர்பாக்ஸ் ஆயிலுக்கு ஆயுள் முழுக்க மாற்றமே தேவையில்லை என்று விற்றவர் சொல்லியிருந்தார். யாருடைய ஆயுள் என்று நான் கேட்கவில்லை. அந்த கியர்பாக்ஸைச் செய்யும் கம்பெனியே 80,000-லிருந்து 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. ஃபில்டர் தனியாக வராது, அடித்தட்டோடு சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். 46,000 ரூபாய். அடுத்த வருடம் இன்ஜினுக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர் இரண்டு, 72,000. நான்கு டயர், 88,000. பஞ்சரானாலும் ஓடுகிற ரன்ஃபிளாட் டயர் என்பதால் இந்த விலை. ஸ்டெப்னியும் கிடையாது. பஞ்சரானால் 80 கிலோமீட்டர் தூரம், 80-க்கு மேல் போகாமல் ஓட்டி ஊர் சேர வேண்டும். சஸ்பென்ஷன், வாட்டர் பம்ப், வருடாந்திர சர்வீஸ் எல்லாம் தனி.

மூன்று வருடத்துக்கு ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். டீசல், இன்ஷூரன்ஸ் தவிர்த்து 4 லட்சத்து 60 ஆயிரம். என் மனைவி அதை 36-ஆல் வகுத்துப் பார்த்துவிட்டு, "மாசாமாசம் ஒரு சின்ன வண்டிக்கு டியூ கட்டிட்டு இருக்கோம், வண்டிதான் வீட்டுக்கு வரல" என்றாள்.

எனக்குப் புரிந்தது இதுதான். காரின் விலைதான் மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. அதன் ஸ்பேர் இன்னும் 40 லட்ச ரூபாய்க் காரின் ஸ்பேர்தான். ஆனாலும் வண்டி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஏன் என்று கேட்காதீர்கள்.

நாமக்கல்

எங்கள் ஊரில் டீசல் என்றால் லாரி. இன்ஜின் எட்டு லட்சம் கிலோமீட்டர் ஓடினால்தான் பேசவே ஆரம்பிப்பார்கள். அதனால் எனக்கு பயமே இல்லை.

2015 ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிடிஐ (டிடிஐ என்றால் அவர்களுடைய டர்போ டீசல்), 1.5 லிட்டர், 105 குதிரை, 250 நியூட்டன் மீட்டர் இழுவை. 2018-ல் 62,000 கிலோமீட்டரில் வாங்கினேன், இப்போது 1,94,000. டைமிங் பெல்ட், ஒருமுறை கிளட்ச், அப்புறம் வழக்கமான ஆயில், ஃபில்டர். இந்த வகையில் பிரச்சினை குறைவான வழி இதுதான் என்பேன். சின்ன உடம்பு, பெரிய இழுவை. 1,800-க்குக் கீழே தூங்கும். மார்க்கெட் வீதியில் இரண்டாம் கியரில் ஊர்ந்தால் கோபம் வரும். பைபாஸ் ஏறிவிட்டால் மன்னித்துவிடுவீர்கள்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். இந்தக் கார்களை எடுத்த பையன்களில் நிறையப் பேர் ரீமேப் பண்ணி, அதாவது இழுவையை ஏற்ற இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றி ஓட்டியிருப்பார்கள். விற்கும்போது பழைய மேப்பை ஏற்றிவிடுவார்கள். மேப் திரும்பும், தேய்ந்த கிளட்ச் திரும்பாது. ஐந்தாம் கியரில் 60-ல் போய்க்கொண்டே முழுசாக அழுத்துங்கள். முள் மட்டும் ஏறி வண்டி ஏறவில்லை என்றால் அப்படியே ஓரம் கட்டி சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம்.

கோவை (ஒர்க்‌ஷாப்)

நான் ஓனர் இல்லை, இவர்கள் எல்லோருடைய பணமும் வந்து சேரும் இடம். வாங்குவதற்கு முன்னால் வண்டியைக் காட்ட வருபவர்கள் பத்துக்கு இரண்டு பேர். மற்ற எட்டுப் பேர் வாங்கிய பிறகு வருகிறார்கள்.

போன மாதம் ஒரு தம்பிக்காக வண்டி பார்க்கப் போனேன். காலை ஏழு மணிக்கு வருகிறோம் என்று சொல்லியிருந்தோம். போனதும் பானட்டில் கை வைத்தேன். சூடு. "இப்பத்தான் கழுவி கொஞ்சம் நகர்த்தி வெச்சேன் சார்" என்றார் புரோக்கர். வண்டியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. டீசலின் உண்மையெல்லாம் முதல் ஒரு நிமிடத்தில் இருக்கிறது. ராத்திரி முழுக்க நின்ற வண்டி எத்தனை சுற்றில் பிடிக்கிறது, என்ன புகை, ஐடில் தடுமாறுகிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். சூடான இன்ஜின் மேக்கப் போட்ட முகம் மாதிரி. மறுநாள் சொல்லாமல் ஆறு மணிக்குப் போனோம். ஸ்டார்ட் ஆக எட்டு விநாடி, அப்புறம் வெள்ளைப் புகை.

இன்ஜெக்டர் சோதனைக்கு ராக்கெட் விஞ்ஞானம் வேண்டாம். ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் மிச்ச டீசல் டேங்குக்குத் திரும்பும் குழாய் ஒன்று இருக்கும். அதைக் கழற்றி, நான்குக்கும் நான்கு சின்ன பாட்டிலை மாட்டி, இன்ஜினை ஐடிலில் சில நிமிடம் ஓட விடுவோம். நான்கு பாட்டிலிலும் டீசல் ஒரே மட்டத்தில் ஏற வேண்டும். ஒன்று மட்டும் முந்தினால் அந்த இன்ஜெக்டர் உள்ளுக்குள் கசிகிறது. இந்த இன்ஜின்களில் 1,600, 1,800 பார் அழுத்தத்தில் டீசல் பாய்கிறது. மழைக்காலத்தில் தண்ணீர் கலந்த டீசலை ஒருமுறை போட்டாலே போதும், கதை முடிந்தது. ஃபில்டருக்கு அடியில் தேங்கும் தண்ணீரை வடிப்பதற்கு யாருக்கும் நேரமில்லை.

அப்புறம் இன்ஜினை நிறுத்தும்போது காது கொடுங்கள். கடகடவென்று ஒரு குலுங்கல் வந்து நின்றால், இன்ஜின் அதிர்வை கியர்பாக்ஸுக்குப் போகாமல் வாங்கிக்கொள்ளும் டூயல் மாஸ் ஃப்ளைவீல் போய்க்கொண்டிருக்கிறது. அதைத் தனியாக மாற்ற மாட்டோம், கிளட்சும் சேர்ந்துதான் போகும். ஆயில் மூடியைத் திறந்து, ஓடும் இன்ஜின் மேலேயே தலைகீழாக வைத்துப் பாருங்கள். லேசாக ஆடினால் சரி. எகிறிக் குதித்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

கிலோமீட்டர் குறைப்பதைப் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. மீட்டரில் குறைத்துவிடுவார்கள். ஆனால் பல ஜெர்மன் வண்டிகளில் அதே எண் கியர்பாக்ஸ், சாவி என்று வேறு இடங்களிலும் பதிவாகியிருக்கும். ஸ்கேனர் போட்டால் மீட்டர் 70,000 என்கும், இன்னொன்று 1,60,000 என்கும். சில வடிவமைப்பு விஷயங்களும் தெரிந்திருக்க வேண்டும். பி.எம்.டபிள்யூ.வின் என்47 இன்ஜினில் டைமிங் செயின் பின்பக்கம், கியர்பாக்ஸ் பக்கமாக இருக்கிறது. செயினைத் தொட வேண்டுமென்றால் கியர்பாக்ஸையோ இன்ஜினையோ இறக்கியாக வேண்டும். செயின் விலையைக் கேட்டுவிட்டு "இவ்வளவுதானா" என்று சந்தோஷப்பட்டவர்கள் கூலியைக் கேட்டதும் உட்கார்ந்துவிடுவார்கள்.

ஆறு வேக டிஎஸ்ஜி (ஆயிலில் நனைந்த இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) உள்ள ஸ்கோடா, ஃபோக்ஸ்வேகன் டீசல் என்றால் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கியர் ஆயில் மாற்றிய பில் கேளுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றுதான் அர்த்தம்.

சென்னை, வேளச்சேரி

என் அனுபவத்தைப் படித்துவிட்டு யாராவது ஒருவர் மனம் மாறினாலும் சந்தோஷம். 2020 பி.எஸ்.6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல், இரண்டாம் ஓனர். ஆபீஸ் கிண்டியில். போக வர மொத்தம் பத்துப் பதினொரு கிலோமீட்டர், அதில் பாதி சிக்னல்.

இரண்டு மாதத்தில் டி.பி.எஃப். விளக்கு எரிந்தது. புகையின் கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டர் அது. பிடித்த கரியை எரிக்க சைலன்சருக்குள் 600 டிகிரி பக்கம் சூடு வேண்டும். ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்தில் அந்தச் சூடு ஏறுவதற்குள் பார்க்கிங் வந்துவிடும். எரிக்க ஆரம்பிக்கும், பாதியில் நிறுத்திவிடுவேன். எரிப்பதற்காக இன்ஜின் கூடுதலாகப் பீச்சிய டீசலில் கொஞ்சம் இன்ஜின் ஆயிலுக்குள் இறங்கிவிடுகிறது. ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் ஆயில் குறையாமல் ஏறுவதைப் பார்த்து முதலில் நல்லது என்று நினைத்த ஆள் நான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு நாயை வாக்கிங் கூட்டிப் போவதுபோல காரை செங்கல்பட்டு வரை கூட்டிப் போய்த் திரும்புகிறேன். ஐந்தாம் கியர், 2,500 சுற்று. விளக்கு அணைகிறது. அந்த ஒரு மணி நேரத்தில் வண்டி என்ன அருமையாக ஓடுகிறது தெரியுமா! திங்கட்கிழமை மறுபடி கிண்டி.

திருநெல்வேலி

டெல்லி வண்டி எடுத்தவன் இங்கே நான் ஒருவன்தான் போலிருக்கிறது. பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டி தலைநகரில் ஓடக்கூடாது என்று 2015-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதற்கப்புறம் அங்கிருந்த பெரிய டீசல்கள் எல்லாம் அடிமாட்டு விலைக்குத் தெற்கே இறங்க ஆரம்பித்தன. அப்படி 2022-ல் வாங்கியது மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர் டீசல். ஆறரை லட்சம்.

ஓட்டியே கொண்டு வந்தேன். என்.எச். 44-ல் கிட்டத்தட்ட 2,800 கிலோமீட்டர், நான்கு பகல். ஆறு சிலிண்டர் டீசலை ஓட்டாதவர்களுக்கு அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? கரகரப்பே இல்லை, தூரத்தில் இடி உறுமுவதுபோல அடித்தொண்டையில் ஒரு முனகல். நாக்பூர் தாண்டியதும் மழை பிடித்தது. வைப்பர் சத்தமும் அந்த முனகலும் மட்டும். என் கல்யாணத்துக்குப் பிறகு நான் சந்தோஷமாக இருந்த நான்கு நாட்கள் (இதை வீட்டில் யாரும் படிக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்).

ஊருக்கு வந்த பிறகு என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), தமிழ்நாட்டு சாலை வரி, நம்பர் மாற்றம் என்று ஐந்து மாதம் அலைந்தேன். வரியைச் சேர்த்தால் ஆறரை எட்டரை ஆனது. இன்ஷூரன்ஸில் ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காமல் கிளெய்ம் தரும் பாலிசி) கேட்டதற்கு வண்டியின் வயதைச் சொல்லிச் சிரித்தார்கள். டெல்லிக்கு விமானத்தில் போகும்போதே இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுப் போங்கள்.

தஞ்சாவூர்

அண்ணன்மார்களே, ஒரு சின்ன சந்தேகம். 2016 டிடிஐ ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். ஐந்தே முக்கால் சொல்கிறார்கள். மாதம் 600 கிலோமீட்டர்தான் ஓட்டுவேன். பெட்ரோலில் எத்தனால் கலப்பதால் டீசலே நல்லது என்கிறார்கள். எடுக்கலாமா?

கோவை (ஒர்க்‌ஷாப்)

வேண்டாம்.

ஈரோடு

கோவை அண்ணன் சுருக்கமாகச் சொல்லிவிட்டார், நான் கணக்காகச் சொல்கிறேன். 600 கிலோமீட்டருக்கு 14 கொடுக்கும் பெட்ரோல் வண்டிக்கு 43 லிட்டர் வேண்டும். 18 கொடுக்கும் டீசலுக்கு 33 லிட்டர். லிட்டர் விலை வித்தியாசம் எட்டொன்பது ரூபாய். எப்படிப் போட்டாலும் மாதம் 1,200, 1,300 ரூபாய்தான் மிச்சம். ஒரே ஒரு இன்ஜெக்டர் போனால் இரண்டு வருட மிச்சத்துக்கு மேல் போய்விடும். 2012-ல் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் நடுவில் லிட்டருக்கு 20 ரூபாய்க்கு மேல் இருந்தது. அன்று பேசிய நியாயத்தை இன்றும் பேசிக்கொண்டிருக்கிறோம். மாதம் 1,500 கிலோமீட்டர், அதுவும் ஹைவேயில் ஓடினால் யோசிக்கலாம். பணம் மிச்சம் பிடிக்க இந்த வண்டியை எடுக்காதீர்கள். இழுவைக்காக எடுப்பதாக இருந்தால் அதை உங்களுக்கு நீங்களே ஒத்துக்கொண்டு எடுங்கள்.

தஞ்சாவூர்

கணக்கெல்லாம் புரிகிறது அண்ணா. ஆனால் நேற்று திருச்சி ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டேனே.

நாமக்கல்

போச்சு.

கோவை (ஒர்க்‌ஷாப்)

சரி தம்பி, இனிமேல் சொல்லிப் பயனில்லை. சொல்லாமல் காலை ஆறு மணிக்குப் போய் நில்லுங்கள். உங்கள் ஊரில் நல்ல டீசல் மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், பாட்டிலோடு.

தஞ்சாவூர்

போய்விட்டு வந்தேன். பானட் ஜில்லென்று இருந்தது. ஓனர் ரிட்டயர்டு வாத்தியார், எங்களைத் திண்ணையில் உட்கார வைத்து காபி கொடுத்தார். அரைச் சுற்றில் பிடித்தது, புகை இல்லை, ஆயில் மூடி குதிக்கவில்லை, சர்வீஸ் பில் எல்லாம் தேதிவாரியாக ஃபைலில் இருக்கிறது. மூன்றாவது பாட்டில் மட்டும் மற்றதைவிட ஒரு விரல் அளவு முந்துகிறது. அவரிடமே காட்டினேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு நான்கையும் வரிசையாகப் பார்த்தார். 40,000 குறைத்துக் கேட்டிருக்கிறேன். பையனிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.