மறு: ஈக்விபாய்ஸ் – ‘துலாநிலை’யா, ‘ஐயநிலை’யா?

அன்புள்ள குழுவினருக்கு,

> ‘துலாநிலை’ என்று வைக்கலாமே. இரண்டு தட்டும் சமமாக நிற்பதுதானே பொருள்?

மருந்தாய்வில் வரும் ‘ஈக்விபாய்ஸ்’ (equipoise) என்ற சொல்லுக்கு நம் கலைச்சொல் பட்டியலில் வைக்க வந்த யோசனை இது. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மருந்தாய்வுகளைப் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழுவின் குறிப்புகளில் போய் உட்காரப்போகிற சொல் இது. அங்கே தவறான பொருள் தந்துவிடும் என்பது என் கருத்து.

மருத்துவரின் கடமை, எதிரே இருக்கும் நோயாளிக்கு எது நல்லதோ அதைக் கொடுப்பது. சமவாய்ப்பு ஆய்விலோ யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல்தான் தீர்மானிக்கிறது. இது எப்படி நியாயம்? எது நல்லது என்று நிஜமாகவே தெரியாத வரையில் நியாயம். அந்தத் தெரியாமையின் பெயர்தான் ஈக்விபாய்ஸ்.

சரி, யாருக்குத் தெரியாமல் இருக்க வேண்டும்? 1987-ல் மருத்துவ அறவியலாளர் பெஞ்சமின் ஃப்ரீட்மன் எழுப்பிய கேள்வி இது. ஒரு மருத்துவரின் மனத்தில் இரண்டு சிகிச்சைகளும் துல்லியமாகச் சம எடையில் நிற்க வேண்டும் என்றால், எந்த ஆய்வையும் தொடங்கவே முடியாது. இரண்டு நோயாளிகள் நன்றாகத் தேறினாலே தட்டு சாய்ந்துவிடும். ஆகவே தனி மருத்துவரின் மனத்தைப் பார்க்காதீர்கள், துறையைப் பாருங்கள் என்றார் அவர். விஷயம் அறிந்த மருத்துவர்களுக்குள் கருத்து பிளந்து கிடந்தால் போதும். ஒருவர் ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலும், தன்னைப் போலவே படித்த இன்னொருவர் மறுபக்கம் நிற்பதை நேர்மையாக ஒப்புக்கொண்டு நோயாளியை ஆய்வில் சேர்க்கலாம்.

‘துலாநிலை’ குறிப்பது, ஃப்ரீட்மன் எதை வேண்டாம் என்றாரோ அதையே. அந்தப் பழைய பொருளுக்கு அதை வைத்துக்கொள்ளலாம், அதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது.

> அப்படியானால் ‘நடுநிலை’?

அது மருத்துவரின் குணத்தைச் சொல்கிற சொல். அவர் நடுநிலையில் இருந்தே ஆக வேண்டும் என்று ஆகிவிடும். ‘சமநிலை’ இன்னும் மோசம். வேதியியலும் இயற்பியலும் அதை எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டன.

எக்மோ கதையைச் சொன்னால் வேறுபாடு விளங்கும். (எக்மோ என்பது ரத்தத்தை வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் கருவி. 2016 டிசம்பரில் ஜெயலலிதாவுக்குப் பொருத்தியது இதைத்தான்.) 1985-ல் வெளியான மிச்சிகன் ஆய்வு, மூச்சு திணறும் பச்சிளங்குழந்தைகளிடம் இக்கருவியைச் சோதித்தது. யாருக்கு எந்தச் சிகிச்சை என்று பிரித்தது ஏறக்குறைய நம் குடவோலை மாதிரிதான். ஆனால் வெல்கிற சிகிச்சைக்குக் குடத்தில் உருண்டை கூடிக்கொண்டே போகும். ஒரே ஒரு குழந்தைக்கு வழக்கமான சிகிச்சை விழுந்தது, அது இறந்துவிட்டது. எக்மோவுக்குப் போன 11 குழந்தைகளும் பிழைத்தன. அந்த மருத்துவர்களுக்குச் சந்தேகமே இல்லை. துறைக்கோ ஒரே ஒரு குழந்தையின் மரணம் போதவில்லை.

அடுத்து பாஸ்டனில் ஓர் ஆய்வு. வழக்கமான சிகிச்சையில் 10 பேரில் 4 குழந்தைகள் இறந்தன, எக்மோவில் 9 பேரும் பிழைத்தனர். அப்போதும் வாதம் ஓயவில்லை. கடைசியில் 1993-ல் பிரிட்டனில் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. சேர்ந்தவை 185 குழந்தைகள். எக்மோ பிரிவில் 93-ல் 30 மரணம், மறு பிரிவில் 92-ல் 54. கண்காணிப்புக் குழுவின் பரிந்துரைப்படி 1995-லேயே சேர்க்கையை நிறுத்திவிட்டார்கள்.

மிச்சிகனுக்குப் பிறகும் குலுக்கல் போட்டது அறமா என்று இன்றும் சண்டை நடக்கிறது. எனக்கும் அந்த 54 என்ற எண்ணை நிம்மதியாகக் கடந்துபோக முடியவில்லை. ஆனால் இந்தச் சண்டை முழுக்க ‘சந்தேகம் எப்போது தீர்ந்தது, யாருக்குத் தீர்ந்தது’ என்பதைப் பற்றியது. சமன் என்ற பேச்சே அதில் இல்லை. ஆகவே சொல்லின் வேர் ‘ஐயம்’ என்று இருக்கட்டும்: ஐயநிலை. ஃப்ரீட்மன் பொருளில் துறை ஐயநிலை. (ஐயத்துக்குப் பிச்சை என்றும் பொருள் உண்டு, தெரியும். இந்த இடத்தில் யாரும் குழம்பமாட்டார்கள்.)

வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: “இடைக்கால முடிவு வந்ததும் ஐயநிலை தீர்ந்துவிட்டது.” “ஐயநிலை இல்லாத இடத்தில் குலுக்கல் கூடாது.” இதே இடங்களில் ‘துலாநிலை’யைப் போட்டால் வாக்கியம் நொண்டுகிறது.

நம் ஊர் எடுத்துக்காட்டு வேண்டும் என்று கேட்டவருக்கு: 1956-ல் தொடங்கிய சென்னைக் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம். ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கலில் பிரித்து, பாதிப் பேருக்கு வீட்டிலேயே மருந்து, மீதிப் பேருக்குச் சானடோரியத்தில் (காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனை). நல்ல சாப்பாடும் படுக்கை ஓய்வும் இல்லாமல் காசம் தீராது என்று உறுதியாக நம்பிய மருத்துவர்கள் அன்று ஏராளம். மருந்துதான் குணமாக்குகிறது என்று கருதியவர்களும் இருந்தார்கள். தனித்தனியாகக் கேட்டால் இரு தரப்பிலும் யாருக்கும் ஐயம் இருந்திருக்காது. ஐயம் துறைக்கு இருந்தது. 1959-ல் முடிவு வந்தது: வீட்டுச் சிகிச்சை ஏறக்குறைய அதே பலனைத் தந்தது. உலகம் முழுக்கச் சானடோரியங்களை மூட வழிவிட்ட ஆய்வுகளில் இது முக்கியமானது.

> நோயாளிக்குத் தரும் படிவத்திலும் இதே சொல்லா?

வேண்டவே வேண்டாம். அங்கே “இந்த இரண்டில் எது நல்லது என்று மருத்துவர்களுக்கே இன்னும் தெரியாது. உங்களுக்கு எது என்பதைக் குலுக்கிப் போட்டு எடுப்போம்” என்று எழுதுங்கள். போகிற போக்கில் இன்னொன்று: படிவத்தில் ‘மருத்துவப் பரிசோதனை’ என்று போடாதீர்கள். ரத்தம் எடுக்கப்போகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். ‘மருந்தாய்வு’ என்றால் குழப்பமில்லை. ‘சமவாய்ப்பு ஒதுக்கீடு’ என்பதும் படிவத்துக்கு ஆகாது. நம்மிடம் ஒதுக்கீடு என்றால் நினைவுக்கு வருவதே வேறு. ‘சமவாய்ப்பு’ என்பதை இலங்கை நண்பர்கள் ‘எழுமாற்று’ என்பார்கள். கட்டுரைகளில் அதைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

‘துறை’ என்ற முன்னொட்டில் எனக்கே முழுத் திருப்தி இல்லை, அரசுத் துறை என்று படிக்க இடமிருக்கிறது. ‘பொது ஐயநிலை’ என்றால் பொதுமக்களின் சந்தேகமாகிவிடும். மருத்துவர்கள் யாராவது நல்ல முன்னொட்டு ஒன்று சொல்லுங்கள், பட்டியலில் ஏற்றுவதற்கு முன் மாற்றிவிடலாம்.