வைல்ட் டைப் எம்டிஎம்2 பேண்ட் தெரியவே இல்லை, மியூட்டண்ட் மட்டும் தடியாக வருகிறது: உதவி தேவை

கயல்_ஆய்வு:
எல்லோருக்கும் வணக்கம். எச்1299 என்ற புற்றுநோய் செல்களில் எம்டிஎம்2 புரதத்தை வெளிப்படுத்திப் பார்க்கிறேன். புரதத்தின் முன்முனையில் அடையாளத்துக்காக மைக் டேக் வைத்த இரண்டு பிளாஸ்மிட்கள் (செல்லுக்குள் மரபணுவைக் கொண்டுபோகும் டிஎன்ஏ வளையங்கள்). ஒன்று வைல்ட் டைப், அதாவது மாற்றமில்லாத இயல்பான வடிவம்; மற்றது மியூட்டண்ட், 464ஆவது சிஸ்டீனை அலனினாக மாற்றிய சி464ஏ. ஒரே நாளில், ஒரே அளவில்தான் செல்களுக்குள் செலுத்தினேன் (டிரான்ஸ்ஃபெக்ட்). வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை ஜெல்லில் பிரித்து ஆன்டிபாடியால் காணும் முறை) மியூட்டண்ட் மை கொட்டியது போல வருகிறது. வைல்ட் டைப் லேனில் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் ஒரு கோடு. நான்கு முறையும் இப்படியேதான். டிரான்ஸ்ஃபெக்ஷனைச் சரிபார்க்கக் கூடவே போட்ட ஜிஎஃப்பி இரண்டிலும் சமம், ஏற்றிய அளவைக் காட்டும் ஆக்டினும் சமம். சீக்வென்ஸ் பார்த்தாயிற்று, பிழை இல்லை. குளோனையே மாற்றிவிடு என்கிறார் என் கைடு. இன்னொன்று, 491 அமினோ அமிலம்தான் இருக்கிறது, பேண்ட் ஏன் 90 கிலோடால்டன் பக்கம் நிற்கிறது?

முகில்:
90 பற்றிக் கவலைப்படாதீர்கள். கணக்கில் 55 சொச்சம் வந்தாலும் ஜெல்லில் எம்டிஎம்2 அங்கேதான் ஓடும்.

குளோனை மாற்ற வேண்டாம். உங்கள் பிளாட்டில் அந்தப் புரதம் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். எம்டிஎம்2 ஒரு யூபிகுவிட்டின் லைகேஸ், அதாவது யூபிகுவிட்டின் என்ற சிறு புரதத்தை மற்ற புரதங்கள் மேல் ஒட்டும் நொதி. கட்டியைத் தடுக்கும் பி53 புரதத்தின் மேல் அதைச் சங்கிலியாக ஒட்டி, புரதங்களைச் சிதைக்கும் புரோட்டியசோமுக்கு அனுப்பும். அதே வேலையைத் தன் மேலும் செய்துகொள்ளும் என்று 2000இலேயே காட்டிவிட்டார்கள். கடைசிப் பகுதியில் உள்ள ரிங் அமைப்பு துத்தநாக அயனிகளைப் பிடித்துக்கொண்டுதான் உருவம் பெறுகிறது. 464ஆவது சிஸ்டீன் அந்தப் பிடிகளில் ஒன்று. அது போனால் ரிங் குலைந்துவிடும், யூபிகுவிட்டின் ஒட்டும் வேலையும் நின்றுவிடும். அதனால்தான் மியூட்டண்ட் குவிகிறது.

செல்லுக்கு இது ஏன் தேவை என்று யோசித்துப் பாருங்கள். எம்டிஎம்2 மரபணுவைத் தூண்டிவிடுவதே பி53தான். எம்டிஎம்2 உருவானதும் அந்த பி53ஐயே அழிக்கிறது. டிஎன்ஏ சேதமாகி பி53 அவசரமாகத் தேவைப்படும் நேரத்தில் பழைய எம்டிஎம்2 மணிக்கணக்கில் தங்கியிருந்தால் காரியம் கெட்டுவிடும். அரை மணி நேர அளவிலான அரை ஆயுள் இருப்பதால்தான் அளவைச் சட்டென்று மாற்ற முடிகிறது. யூஎஸ்பி7 என்ற நொதி ஒட்டிய யூபிகுவிட்டினைக் கழற்றி எம்டிஎம்2ஐக் காப்பாற்றவும் செய்கிறது. ஒரு பக்கம் ஒட்டுதல், ஒரு பக்கம் கழற்றல். எனக்கு இந்த ஏற்பாடு எத்தனை முறை படித்தாலும் அலுப்பதில்லை.

செல்களை எடுப்பதற்கு முன் புரோட்டியசோமைத் தடுக்கும் எம்ஜி132ஐ 10 மைக்ரோமோலார் கொடுத்துப் பாருங்கள். செல்களை உடைக்கும் லைசிஸ் பஃபரில், யூபிகுவிட்டினைக் கழற்றும் நொதிகளைத் தடுக்கும் என்இஎம் சேருங்கள். அது இல்லையென்றால் ஒட்டிய யூபிகுவிட்டின் ஐஸிலேயே கழன்றுவிடும்.

கயல்_ஆய்வு:
மிக்க நன்றி! எம்ஜி132 கொடுத்ததும் வைல்ட் டைப் நன்றாக ஏறிவிட்டது. மியூட்டண்டில் பெரிய மாற்றமில்லை. ஆனால் 60 கிலோடால்டன் பக்கம் புதிதாக ஒரு பேண்ட். ராத்திரி முழுக்க, 16 மணி நேரம் விட்டிருந்தேன். எதிர்பார்த்த யூபிகுவிட்டின் ஸ்மியரும் (பல நீளச் சங்கிலிகளால் மேலே இழுபடும் மங்கல் பட்டை) சரியாக இல்லை. என்இஎம் போட்டேன், டிடிடியும் அதே பஃபரில் இருந்தது.

முகில்:
இரண்டுக்கும் காரணம் தெரிகிறது. 16 மணி நேரத்தில் செல்கள் சாகத் தொடங்கிவிடும். அப்போது செல் சாவில் இயங்கும் காஸ்பேஸ் நொதி எம்டிஎம்2ஐ 361ஆவது இடத்துக்கு அருகில் வெட்டும். உங்கள் டேக் முன்முனையில் இருப்பதால் அந்த 60 துண்டு தெரிகிறது. 4 முதல் 6 மணி நேரம் போதும். டிடிடியில் உள்ள தயோல் என்இஎம்மைத் தின்றுவிடும், அதை லைசிஸ் பஃபரிலிருந்து எடுத்துவிடுங்கள். அப்புறம் என்இஎம்மை அன்றன்றே எத்தனாலில் கரையுங்கள், தண்ணீரில் நெடுநேரம் தாங்காது.

செண்பகம்:
கயல், முகில் சொன்னதெல்லாம் சரி. ஆனால் தீசிஸில் "எம்டிஎம்2 சிதைவதற்கு அதன் சுய யூபிகுவிட்டினேற்றமே காரணம்" என்று எழுதிவிடாதே அம்மா. 2007இல் எலிகளில் இதற்கு ஈடான சி462ஏ மாற்றத்தை மரபணுவிலேயே வைத்துப் பார்த்தார்கள். அந்தக் கருக்கள் பி53 கட்டுப்பாடில்லாமல் போனதால் மிகத் தொடக்கத்திலேயே இறந்துபோயின. பி53ஐ நீக்கினால் பிழைத்தன. அது எதிர்பார்க்கக்கூடியதே. ஆனால் லைகேஸ் வேலை இழந்த அந்த எம்டிஎம்2, இயல்பான எம்டிஎம்2 போலவே வேகமாகச் சிதைந்தது! அப்படியானால் இயல்பான அளவில் வேறு லைகேஸ்களும் அதைக் குறிவைக்கின்றன. நீ பார்ப்பது அளவுக்கு மீறி வெளிப்படுத்திய நிலை.

அதனால் இரண்டு சோதனை செய். முதலில், புதுப் புரதம் உருவாவதை நிறுத்தும் சைக்ளோஹெக்ஸிமைடு கொடுத்து 0, 15, 30, 60 நிமிடங்களில் இரண்டையும் எடு. பேண்ட் மங்கலாக இருப்பது குறைவாக உருவாவதாலா, வேகமாகச் சிதைவதாலா என்பது அதில்தான் பிரியும். அடுத்தது, சுத்திகரித்த எம்டிஎம்2உடன், யூபிகுவிட்டினைத் தயார்செய்து கடத்தும் இ1, யூபிசிஎச்5 நொதிகள், யூபிகுவிட்டின், ஏடிபி மட்டும் வைத்துக் குழாயில் செய். வேறு லைகேஸே இல்லாத இடத்தில் வைல்ட் டைப் மேல் ஸ்மியர் வந்தால், தன் மேல் தானே ஒட்டுகிறது என்று தைரியமாகச் சொல்லலாம்.

கயல்_ஆய்வு:
அக்கா, சைக்ளோஹெக்ஸிமைடு எங்கள் லேபிலேயே இருக்கிறது, நாளைக்கே போடுகிறேன். வைல்ட் டைப் பூஜ்ய நிமிடத்திலேயே மங்கலாக இருக்குமே, எப்படி ஒப்பிடுவது?

செண்பகம்:
வைல்ட் டைப் லைசேட்டை அதிகமாக ஏற்று, மியூட்டண்டைக் குறைவாக ஏற்று. ஒவ்வொன்றையும் அதன் சொந்த பூஜ்ய நிமிடத்தோடு ஒப்பிடு. இரண்டையும் தனித்தனி எக்ஸ்போஷரில் எடு. ஒரே ஃபிலிமில் எடுத்தால் மியூட்டண்ட் நிறைந்து வழிந்து, குறைவதே தெரியாது.