வேலையைப் பாதியில் விட்டபோது பிடித்த வரி: திரும்பி வந்த கதைகள்

சென்னையிலிருந்து:

2024 செப்டம்பர் கடைசியில் வேலையை விட்டேன். மாதச் சம்பளம் ஒரு லட்சம். அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்ததால் மார்ச் வரை வேறு வேலை தேடவில்லை.

பே ஸ்லிப்பில் மாதத்துக்குச் சராசரியாக 5,958 ரூபாய் டிடிஎஸ், அதாவது சம்பளத்திலேயே பிடிக்கும் வருமான வரி, போயிருந்தது. அந்தக் கணக்கில் தப்பில்லை. வருஷம் முழுக்க இருப்பேன் என்று வைத்து 12 லட்சம், அதில் நிலையான கழிவு 75,000 போக 11.25 லட்சம், புதிய வரி முறையில் செஸ் என்ற கூடுதல் தீர்வையோடு 71,500. அதைப் பன்னிரண்டாகப் பிரித்துப் பிடித்தார்கள். ஆனால் நான் கையில் வாங்கியது ஆறு மாதச் சம்பளம்தான். 6 லட்சத்தில் கழிவு போனால் 5.25 லட்சம். அந்த நிதியாண்டில் 7 லட்சம் வரை 87ஏ பிரிவின் வரித் தள்ளுபடி இருந்ததால் வரி பூஜ்யம். அதாவது பிடித்த 35,750 ரூபாயும் என் பணம்.

செட்டில்மென்ட் சமயத்தில் கேட்டேன். “அரசாங்கத்துக்குக் கட்டியாச்சு சார், ரிட்டர்ன் போட்டு வாங்கிக்கோங்க” என்றார் எச்ஆர். கட்டிவிட்டதைக் கம்பெனி திருப்பி எடுக்க முடியாது, அது உண்மை. ஆனால் கடைசிச் சம்பளத்தில் வரியைக் குறைத்தோ பிடிக்காமலோ விட்டிருக்கலாம். முந்தைய மாதங்களில் கூடுதலாகப் பிடித்ததைப் பின்னால் சரிக்கட்டச் சட்டத்தில் இடம் உண்டு. வேலையை விடுகிறவருக்காக யார் அந்தக் கணக்கை மறுபடி போடுவார்கள்? வழக்கம்போலவே பிடித்தார்கள்.

பிடித்த வரிக்குக் கம்பெனி தரும் சான்றிதழான ஃபார்ம் 16, நிதியாண்டு முடிந்ததும் ஜூன் 15-க்குள் வர வேண்டும். எனக்கும் வந்தது, ஆபீஸ் மெயிலுக்கு! அதை எப்போதோ மூடிவிட்டார்கள். விலகும் முன்பே சொந்த மெயில் முகவரியை பேரோல் ஆட்களிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.

ஆனாலும் ஃபார்ம் 16-ஐவிட 26ஏஎஸ்தான் முக்கியம். வருமான வரி போர்ட்டலில் நுழைந்தால் அதைப் பார்க்கலாம். நம் பான் எண்ணில் யார், எந்தத் தேதியில், எவ்வளவு வரி கட்டினார்கள் என்று வரி வரியாக இருக்கும். என்னுடையதில் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை இருந்தது, செப்டம்பரைக் காணோம். பே ஸ்லிப்பில் பிடித்திருக்கிறார்கள், 26ஏஎஸ்ஸில் இல்லை. கடைசி மாதச் சம்பளம் தனியாக, செட்டில்மென்ட்டோடு போனதால் காலாண்டு டிடிஎஸ் கணக்கில் என் பெயர் விடுபட்டிருந்தது. கம்பெனி 24க்யூ என்ற படிவத்தில் திருத்தம் போட்டால் சரியாகிவிடும். போனில் கேட்டபோதெல்லாம் “பார்க்கிறோம்” என்ற பதில்தான். பே ஸ்லிப்பையும் 26ஏஎஸ் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, பைனான்ஸ் மேலாளருக்கும் நகல் போட்டு மெயில் அனுப்பிய பிறகுதான் வேலை நடந்தது.

அது ஏறும்வரை நான் ரிட்டர்ன் போடவில்லை. சீக்கிரம் போட்டால் சீக்கிரம் பணம் வரும் என்பார்கள். ஆனால் நாம் கேட்கிற தொகையும் 26ஏஎஸ்ஸும் பொருந்தாவிட்டால், ரிட்டர்ன்களைக் கணக்குப் பார்க்கும் பெங்களூரு மையமான சிபிசி பதிவில் இருப்பதை மட்டும்தான் கணக்கில் எடுக்கும். 2025-இல் ரிட்டர்ன் போடக் கடைசித் தேதியை ஜூலை 31-லிருந்து செப்டம்பர் 15-க்குத் தள்ளி, அப்புறம் இன்னும் ஒரு நாளும் கொடுத்தார்கள். காத்திருக்க நேரம் இருந்தது.

ஐடிஆர்-1 என்ற ரிட்டர்ன் படிவத்தைப் போட்டு, ஆதார் ஓடிபியில் அன்றைக்கே சரிபார்ப்பை முடித்தேன். அதற்கு 30 நாள் அவகாசம் உண்டு, சரிபார்க்காமலே விட்டால் ரிட்டர்ன் போட்டதாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வங்கிக் கணக்கையும் போர்ட்டலில் முன்கூட்டியே சரிபார்த்து வைக்க வேண்டும். பான் கார்டில் இனிஷியல், வங்கியில் முழுப்பெயர் என்று இருந்தால் அங்கேயே இழுக்கும். நம் ஊரில் யாருக்குத்தான் இந்த இனிஷியல் தொல்லை இல்லை!

செப்டம்பரில் பணம் ஏறியது, வட்டியோடு. மாதத்துக்கு அரை சதவீதம், ஏப்ரல் முதல் எண்ணுவார்கள். எனக்கு 1,071 ரூபாய் வந்தது. அதைக் கிடைத்த வருஷத்தின் வருமானத்தில் காட்ட வேண்டும். ரிட்டர்னைக் கணக்குப் பார்த்து முடித்ததைச் சொல்லும் 143(1) அறிவிப்பு மெயிலில் வரும். பான் எண்ணைச் சின்ன எழுத்தில் அடித்து, பின்னால் பிறந்த தேதியைச் சேர்த்தால் திறக்கும்.

கோவையிலிருந்து:

உங்கள் கம்பெனியாவது கட்டியிருக்கிறது. நான் இருந்தது சின்ன நிறுவனம். சம்பளத்தில் வரியைப் பிடித்தார்கள், அரசுக்குக் கட்டவே இல்லை. 26ஏஎஸ் வெறுமையாக இருந்தது. பிடித்த தொகையைக் காட்டி ரிட்டர்ன் போட்டேன். அதை ஏற்காமல், நான் கட்ட வேண்டிய வரியைக் கட்டு என்று வரித் துறையிலிருந்து டிமாண்ட் வந்தது.

இதில் நமக்குச் சாதகமாக 1961 வருமான வரிச் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு, 205. சம்பளத்திலிருந்து பிடித்துவிட்ட வரியை மறுபடி ஊழியரிடம் கேட்கக் கூடாது. அப்படிப்பட்ட டிமாண்டை வற்புறுத்தி வசூலிக்க வேண்டாம் என்று 2015-இல் மத்திய நேரடி வரி வாரியமும் அதிகாரிகளுக்குச் சொல்லியிருக்கிறது. போர்ட்டலில் டிமாண்டை ஏற்கவில்லை என்று பதில் போட்டு, பே ஸ்லிப்புகளையும் நிகரச் சம்பளம் ஏறிய வங்கிக் கணக்குப் பக்கங்களையும் இணைத்தேன். அதன் பிறகு யாரும் துரத்தவில்லை. கூடுதலாகப் பிடித்தது திரும்பி வந்ததா என்றால், இல்லை. கட்டாத பணத்தை அரசிடம் எப்படிக் கேட்பது? பழைய முதலாளியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பே ஸ்லிப்பை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், விலகிய பிறகு கம்பெனியின் பே ஸ்லிப் போர்ட்டலும் திறக்காது.

சிங்கப்பூரிலிருந்து:

என் கதையும் அதே 2024 செப்டம்பர், அதே ஒரு லட்சம் சம்பளம், அதே 35,750. ஆனால் எனக்குத் திரும்பி வந்தது 24,050தான்.

மிச்சமிருந்த லீவைக் கடைசி வாரத்தில் போட்டுவிட்டு 26-ஆம் தேதி விமானம் ஏறினேன். இங்கே வேலை கிடைத்து வந்தேன், அந்த நிதியாண்டில் திரும்ப ஊருக்கு வரவில்லை. செப்டம்பர் 30 வரை ஊரில் இருந்திருந்தால் ஏப்ரல் முதல் 183 நாள் ஆகியிருக்கும். 182-ஐத் தொடாததால் அந்த வருஷம் முழுக்க நான் வெளிநாட்டுவாசி. 87ஏ தள்ளுபடி உள்நாட்டில் வசிப்பவர்களுக்கு மட்டும். அதனால் 5.25 லட்சத்துக்கு 11,700 ரூபாய் வரி உண்டு. ஐடிஆர்-1-உம் போட முடியாது, ஐடிஆர்-2 என்றார் ஆடிட்டர்.

எனக்கு இதில் வருத்தமில்லை. உள்நாட்டுவாசியாக இருந்திருந்தால் இங்கே வாங்கிய சம்பளத்தையும் இந்தியாவில் காட்ட வேண்டியிருக்கும். அதோடு ஒப்பிட்டால் 11,700 பெரிசில்லை.

மதுரையிலிருந்து:

ரீஃபண்ட் வாங்கித் தருகிறேன், வருவதில் ஒரு பங்கு கொடுங்கள் என்று ஒரு ஏஜென்ட் வந்தார். பழைய வரி முறைக்கு மாற்றி, கொடுக்காத வாடகை, போடாத கட்சி நன்கொடை எல்லாம் எழுதலாம் என்றார். நான் ஒதுங்கிவிட்டேன். 2025 ஜூலையில் இப்படிப்பட்ட பொய்க் கழிவுகளைப் பிடிக்க நாடு முழுக்கச் சோதனை நடந்தது. பொய் சொல்லிக் குறைத்துக் காட்டிய வருமானத்தின் வரியைப்போல் இரண்டு மடங்கு அபராதம் விழும். இருக்கிற பணத்தைக் கேட்க எதற்குப் பொய்?

சேலத்திலிருந்து:

2025 செப்டம்பரோடு விட்டேன், மாதம் ஒன்றரை லட்சம். புது விகிதத்தில் எனக்கும் ஏதாவது வருமா?

சென்னையிலிருந்து:

வரும். 2025-26-இல் தள்ளுபடி 12 லட்சம் வரை. என் பழைய சம்பளத்துக்கெல்லாம் இப்போது வரியே பிடிக்க மாட்டார்கள். உங்களுக்கு 18 லட்சம் என்று வைத்து வருஷத்துக்கு 1,50,800 கணக்குப் போட்டிருப்பார்கள், ஆறு மாதத்தில் 75,400 போயிருக்கும். நீங்கள் வாங்கியது 9 லட்சம், கழிவு போக 8.25. மார்ச் வரை வேறு பெரிய வருமானம் இல்லையென்றால் முழுசும் வர வேண்டும். வங்கி டெபாசிட் வட்டி ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்துப் பாருங்கள். முதலில் 26ஏஎஸ்ஸில் செப்டம்பர் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.