ஒரே தொட்டி, நாலு வாய்

ஆனேக்கல்காரன்:
பெங்களூருக்கு வெளியே ஆனேக்கல் பக்கம், வீட்டுக்குப் பின்னால ஷெட் போட்டு நாலு பால் ஆடு வெச்சிருக்கேன். ரெண்டு தலைச்சேரி, ஒரு ஜமுனாபாரி, ஒரு சானென் கலப்பு. ஆடுன்னா எதையும் தின்னும்னுதான் நானும் நினைச்சேன்.

இங்க பட்டுப்புழு வளர்க்கிறவங்க அதிகம். புழு தின்னு மிச்சமான மல்பெரிக் குச்சியைக் கட்டுக்கட்டா வாங்கிட்டு வருவேன். நேத்து சும்மா உட்கார்ந்து பார்த்தேன். ஜமுனாபாரி மோந்து பார்த்துட்டு, மேலுதட்டை வளைச்சு, கொழுந்தை மட்டும் சடக்குனு உருவுது. கீழ விழுந்த இலைய திரும்பியே பார்க்கல. சானென் தலையைக் குனிஞ்சா, ராகித் தாளா இருந்தாலும் தொட்டி காலியாகிற வரை நிமிராது. தலைச்சேரி ரெண்டும் அக்கா தங்கச்சி. அக்கா குச்சிப் பட்டையை உரிச்சுத் தின்னுவா. தங்கச்சிக்கு பூசா, அதான் தவிடு, கொஞ்சம் ஈரமா இருந்தாலும் ஆகாது.

இந்தத் தங்கச்சிக்குக் கொம்பு கிடையாது. அக்கா தலையை ஒரு ஆட்டு ஆட்டினாப் போதும், பின்னால போய் நின்னுடுவா. மத்ததுங்க முடிச்ச பிறகு வெறுங்குச்சிதான் மிச்சம். ஒன்றரை லிட்டர் கறந்தவ முக்கால் லிட்டருக்கு வந்தா. நான் என்ன பண்ணேன்? குடற்புழு மருந்து ஊத்திட்டு இருந்தேன்! தனியா கட்டி, தனி வாளி வெச்ச பிறகுதான் ஒன்னேகாலுக்கு ஏறினா.

சானென் கதை அதைவிட மோசம். ஒரு ராத்திரி கயித்தை அவுத்துக்கிட்டு, மறுநாளைக்கு வெச்சிருந்த மக்காச்சோள மாவு மொத்தத்தையும் முடிச்சிருச்சு. காலைல அசை போடல, வயிறு உப்பல், புளிச்ச நாத்தத்தோட கழிச்சல். டாக்டர் வந்து வயித்துல அமிலம் ஏறிடுச்சுன்னு சோடா உப்பு கரைச்சு ஊத்தினார். பிழைச்சது அதோட ஆயுசு கெட்டி. மூட்டையை மூடி வைக்காதது என் தப்பு.

கம்மனஹள்ளி அக்கா:
தம்பி, எங்க வீட்டுல ஒன்னு புட்டிப்பால் குடிச்சு வளர்ந்தது, இன்னொன்னு தாய்கூடவே வளர்ந்தது. ஒரே ஈத்துக் குட்டிங்கதான். தாய்கூட வளர்ந்தது அகத்தி, பலாத் தழை எது போட்டாலும் வாய் வைக்கும். தாய் கடிச்சதைப் பக்கத்துல நின்னு பார்த்ததாச்சே. புட்டிக்காரிக்கு அகத்தின்னா முகஞ்சுளிப்பு, ஆனா சிவாஜிநகர்ல கட்டு கட்டி விக்கிற பலாத் தழைன்னா உயிர். வாழைப்பழத்தோலுக்கு என் முந்தானையையே இழுப்பா. நாலு நாள் மத்ததோட சேர்த்துக் கட்டினேன், அகத்தியும் பழகிடுச்சு.

ஹெப்பால் மாணவன்:
கால்நடைக் கல்லூரில படிக்கிறேன், அதனால ஒன்னு சேர்த்துக்கிறேன். வாய் மட்டுமில்ல ணா, வயிறும் ஆட்டுக்கு ஆடு வேற. சூபாபுல்னு ஒரு தீவன மரம், அதோட தழையில மைமோசின்னு ஒரு நச்சு இருக்கு, நிறைய தின்னா முடி கொட்டும். ஆனா ஹவாய்த் தீவு ஆடுங்களுக்கு ஒன்னும் ஆகல. அதுங்க வயித்துல அந்த நச்சை உடைக்கிற பாக்டீரியா இருக்குன்னு ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ரேமண்ட் ஜோன்ஸ் 1980கள்ல காட்டினார். அதுக்கு அவர் பேரையே வெச்சு சினெர்ஜிஸ்டிஸ் ஜோன்சியைன்னு சொல்றாங்க. அதனால புதுத் தழை எதையும் கொஞ்சம் கொஞ்சமா பழக்குங்க. தீவனத்தைத் தரைல போடாம உசரத்துல கட்டித் தொங்கவிடுங்க, ஜமுனாபாரி இன்னும் நல்லா மேயும்.

ஆனேக்கல்காரன்:
கட்டிட்டேன் தம்பி. பின்னங்கால்ல நின்னு மேயுது, பார்க்கவே அழகு. இப்ப நாலு வாளி, சுவத்துல சாக்பீஸ்ல மிச்சக் கணக்கு. இன்னிக்கு தங்கச்சி வாளி சுத்தம். ஜமுனாபாரி வாளியில சோளக் குருணையை மட்டும் பொறுக்கிட்டு, தூளை அப்படியே விட்டிருக்கு. வெல்லத் தண்ணி தெளிச்சுப் பார்க்கலாம்னு இருக்கேன். யாராவது செஞ்சு பார்த்திருக்கீங்களா?